விற்கப்போகிற தோப்புக்கு எதுக்கு வேப்பம் பிண்ணாக்கு?

எங்கள் தோப்பை விற்கிறோம். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் (எங்கள் பக்கம் புது ஆறு என்றுதான் சொல்வோம்) இரண்டு ஏக்கர், அப்பாயி கணக்கில் ஆறு மா (ஏக்கருக்கு மூன்று மா). உள்ளே தென்னை, எல்லையைச் சுற்றித் தேக்கு, மூன்று பலா, இரண்டு மாமரம், நாங்கள் வாங்குவதற்கு முன்பே நின்ற ஒரு பெரிய இலுப்பை, கிணற்றடியில் புங்கன், வடக்கு வரப்பில் பனை வரிசை, வேலி முழுக்கப் பூவரசு. அப்பா போன பிறகு கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அண்ணன் துபாயில், தம்பி ஓசூரில், நான் தஞ்சாவூரில், அம்மாவுக்கு முழங்கால் வலி. டெல்டாவில் பாதிக் குடும்பங்களின் நிலைமை இதுதான், அதனால் விற்கலாமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. விற்பது முடிவாகிவிட்டது.

முடிவானதிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தூருக்கு வேப்பம் பிண்ணாக்கு மூட்டை இறங்கும்போது, மட்டை கழிக்க ஆள் ஏறும்போது, வட்டப்பாத்தி வெட்டும்போது, வரப்பில் நின்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "விக்கப்போற தோப்புக்கு எதுக்கும்மா இவ்வளவு செலவு?" நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் கிரயம் என்பது இன்று பேசி நாளை முடிகிற காரியம் இல்லை. பட்டா சரிபார்க்க, வாரிசு எல்லோரையும் சேர்க்க, வாங்குகிறவர் பணம் புரட்ட என்று ஒரு வருடம் சாதாரணமாகப் போய்விடும். அந்த ஒரு வருடம் குருத்தில் வண்டு விழுந்தால் கேட்க ஆளில்லை, கோடையில் தண்ணீர் இல்லை என்று விட்டால் இளம் தென்னை தாங்காது. கிரயத் தேதி வரை அது எங்கள் தோப்பு, எங்கள் பொறுப்பு. எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

தோப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொன்னால்தான் நான் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறேன் என்பது புரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை என்று தென்னையை நம்பி இருந்த பகுதி முழுக்க ஒரே இரவில் படுத்துவிட்டது. எங்கள் தோப்பில் காய்த்துக்கொண்டிருந்த மரங்களில் கால்வாசிகூட மிஞ்சவில்லை. சில மரங்கள் வேரோடு சாய்ந்தன, சில நடுவில் முறுக்கி ஒடிந்தன. அரசு நிவாரணமாக மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள், மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அப்பா அந்தப் பணத்தோடு கைக்காசையும் போட்டு விழுந்த மரம் முழுவதையும் வெளியேற்றினார். அக்கம்பக்கத்தில் சிலரால் முடியவில்லை, மரம் கிடந்தபடியே மக்கியது. மக்கும் தென்னந்தண்டிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அடுத்தடுத்த வருடங்களில் எங்கள் பகுதியில் புதுக்கன்றுகளுக்கு வண்டுத் தொல்லை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அதன் பிறகு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, கன்று வாங்கி வைத்தார். அந்தக் கன்றுகள்தான் இப்போது முதல் பாளை விட்டு, குரும்பை பிடிக்க ஆரம்பித்திருக்கின்றன. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும், அந்த ஆறேழு வருடத்தையும் அப்பாவும் அம்மாவும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கடந்துவிட்டார்கள். இனிமேல்தான் பலன். அதை வேறொருவர் அனுபவிக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காய்ப்புக்கு வருகிற நேரத்தில் கவனிக்காமல் விட்டுக் கெடுத்துக் கையில் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

சரி, அறிவுரை விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் சொன்னது இது: முதலில் தேக்கை வெட்டிக் காசாக்கு, தென்னையைச் சூளைக்குப் போடு, நிலத்தை மொட்டையாக்கி விலை சொல்லு, அப்போதுதான் மனை போடுகிறவர்கள் வருவார்கள். தம்பிக்கும் ஆரம்பத்தில் இதில் சம்மதம் இருந்தது. அவனுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, அவனைக் குறை சொல்ல மாட்டேன். அதனால் மரத்துக்கு உண்மையில் என்ன விலை என்று தெரிந்துகொள்வோம் என்று ஒரு மர வியாபாரியை வரச்சொன்னோம்.

அவர் அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இடுப்பிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், நெஞ்சுக்கு நேராக, தேக்கைச் சுற்றி இறுக்கிப் பிடித்தார். முனை தொட்ட இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டு கயிற்றை இரண்டாக மடித்தார், திரும்பவும் இரண்டாக மடித்தார், அந்தக் கால்பங்கை டேப்பில் வைத்துப் படித்தார். சுற்றளவில் கால்பங்கு, அதை அதனாலேயே பெருக்கி, நேராக நிற்கும் அடிமரத்தின் நீளத்தால் மறுபடி பெருக்க வேண்டும். சுற்றளவு 4 அடி, நீளம் 12 அடி என்றால் 12 கன அடி. அதே மரத்தை உருளையாகக் கணக்குப் போட்டால் 15 கன அடிக்கு மேல் வரும். அறுக்கும்போது போகிற சேதாரத்தை அந்த வித்தியாசத்திலேயே கழித்துவிடுகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, மரத் தொழிலில் வெகுகாலமாக இருக்கும் முறைதான். ஆனால் அதற்கு மேலும் பட்டைக்கு ஒரு கழிவு, வளைவுக்கு ஒரு கழிவு, வெள்ளை (வைரம் ஏறாத வெளிக்கட்டை) அதிகம் என்று ஒரு கழிவு என அடுக்கினால் நாம் வாயைத் திறந்து கேட்க வேண்டும். மரம் விற்கிற யாராக இருந்தாலும் வியாபாரி வருவதற்கு முன் ஒருமுறை நீங்களே கயிறு போட்டு அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேக்குகளில் பெரும்பாலானவை இன்னும் 3 அடிதான் சுற்றளவு. 3 அடி என்றால் அதே 12 அடி நீளத்துக்கு ஆறேமுக்கால் கன அடி. அதாவது சுற்றளவு மூன்றிலிருந்து நாலுக்குப் போனால் மரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அதோடு வைரம் பாய்வதும் இனிமேல்தான் கூடும், இப்போது அறுத்தால் வெள்ளைதான் நிறைய வரும், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். இந்தக் கணக்கைத் தம்பிக்குத் தொலைபேசியில் விளக்கினேன். "அப்ப இப்ப வெட்டுறது நமக்கே நஷ்டம்" என்று அவனே சொன்னான். இன்னொன்றும் இருக்கிறது, தேக்கு பட்டா நிலத்தில் நின்றாலும் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், அந்த அலைச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதெல்லாம் காசுக் கணக்கு. காசுக்கு அப்பால், மேற்கு எல்லையில் நிற்கும் அந்தத் தேக்கு வரிசைதான் இளம் தென்னைக்குக் காற்றுத் தடுப்பு. அதை எடுத்துவிட்டால் ஆடிக் காற்று நேராக உள்ளே வரும்.

சட்டத்தில் ஒரு விஷயத்தைப் பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்து கேட்டபோதுதான் முழுசாகப் புரிந்தது. வெட்டி எடுப்பதற்காக நிற்கும் மரம் அசையும் சொத்து. காய்த்துப் பலன் தருவதற்காக, நிலத்தோடு நிலமாகத் தொடர்ந்து நிற்கும் மரம் அசையாச் சொத்து. ஒரே மரம், எந்த நோக்கத்தில் விற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. உச்ச நீதிமன்றம் 1958-லேயே ஒரு வழக்கில் இந்த வித்தியாசத்தை அலசியிருக்கிறது. நமக்கு இதில் தெரிய வேண்டியது என்னவென்றால், 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டப்படி நிலத்தைக் கிரயம் கொடுத்தால், வேறு மாதிரி எழுதாத வரை, அதில் வேரூன்றி நிற்பது எல்லாமும் சேர்ந்தே போய்விடும். நம்ம பத்திரங்களில் "மாவடை மரவடை உள்பட" (நிற்கும் மரங்களும் சேர்த்து) என்று ஒரு வரி வரும், பெரும்பாலானவர்கள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். நாங்கள் அந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. சொத்து விவரத்துக்குக் கீழே எந்த எல்லையில் என்ன மரம், எத்தனை, தேக்கு என்றால் என்ன சுற்றளவு என்று ஒரு அட்டவணையே போடச் சொல்லியிருக்கிறோம். எழுத்தர் முதலில் தயங்கினார், "இதெல்லாம் யாரும் போடுறதில்லைம்மா" என்றார், அப்புறம் போட்டுக் கொடுத்தார். அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு சர்வே எண்ணுக்குத்தான், அங்கே தோப்பு எப்படி நிற்கிறது என்று அதில் எதுவும் தெரியாது. பேசிய விலையில் மரத்துக்கும் பங்கு உண்டு என்பது எழுத்தில் இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

வாரிசு விஷயம் பலருக்குத் தெரியாத இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அப்பா உயில் எழுதவில்லை. அப்பா இறந்தபோது அப்பாயி உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் மாதிரியே அவருடைய அம்மாவும் முதல் நிலை வாரிசு. அப்படியானால் அம்மா, நாங்கள் மூன்று பேர், அப்பாயி என்று ஐந்து சம பங்கு. அடுத்து அப்பாயியும் தவறிவிட்டார், அவர் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும், அதாவது பாதி அத்தைக்கு, பாதி அப்பா வழியாக எங்களுக்கு. மொத்தத்தில் தோப்பில் பத்தில் ஒரு பங்கு அத்தையுடையது. அப்பா சம்பாதித்து வாங்கிய நிலத்தில் அத்தைக்கு என்ன என்று ஊரில் கேட்டார்கள். சட்டம் அப்படித்தான். எங்களிடம் பேசிய தரகர் ஒருவர், அத்தையைச் சொல்லாமல் விட்டுவிடலாம், பட்டாவில்தான் பெயர் இல்லையே என்றார். அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

அத்தை பட்டுக்கோட்டையில் இருக்கிறார். கையெழுத்து விஷயமாகப் பேச வீட்டுக்கு அழைத்தோம். வந்தவர் காப்பி குடித்த கையோடு தோப்பைப் பார்க்கணும் என்றார். கிணற்றுக்குத் தெற்கே நிற்கும் பலா, அப்பா நிலம் வாங்கிய புதிதில் மாமா பண்ருட்டியிலிருந்து வாங்கி வந்த கன்று. கஜாவில் அதன் பெரிய கிளை ஒன்று பிளந்து விழுந்தது. பிளந்த இடத்தை அப்பா ரம்பத்தால் சீராக அறுத்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டிருந்தார். இப்போது அந்தக் காயத்தைச் சுற்றிப் பட்டை தடித்து நாலு பக்கமும் உள்ளே நெருங்கி வந்திருக்கிறது, நடுவில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் கட்டை தெரிகிறது. அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாப்பா, எனக்குப் பங்குக் காசு எவ்வளவு வேணாலும் குறைச்சுக்க. இத வெட்டாத ஆளாப் பாத்துக் குடு" என்றார். பங்கைக் குறைக்கவில்லை, அவருக்கு உரியது முழுசாகப் போகும். ஆனால் அவர் சொன்ன மற்றதுதான் எங்களுக்கு அடுத்த வேலையாகிவிட்டது.

இங்கே மரத்தின் நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பனையில் எனக்கு அதிகம் மனக்கஷ்டம் கொடுத்தது இதுதான். புயலில் தப்பிய பழைய தென்னைகளில் ஒன்றின் தூரில், போன வருடம் செம்பழுப்பு நிறத்தில் சாறு கசிய ஆரம்பித்தது. முதலில் ஒரு கோடு, பிறகு தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை. கசிந்த இடம் காய்ந்து கறுத்திருக்கும், சுரண்டினால் உள்ளே ஈரம். தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு இதைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கும். தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு நம்ம மாவட்டத்தில் பரவலாகத் தெரியவந்ததால் அந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சை வேர் வழியாக வரும், அடிமட்டைகள் வாடித் தொங்கும், குரும்பை கொட்டும், கடைசியில் கொண்டை சாய்ந்துவிடும். முற்றிய மரத்தைக் காப்பாற்றுவது கஷ்டம், பக்கத்து மரத்துக்குப் போகாமல் தடுப்பதுதான் முக்கியமான வேலை.

இன்னொரு தரகர் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "தூர்ல ஆளுயரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு விட்டுருங்க, எல்லா மரத்துக்கும் அடிச்சா வித்தியாசமே தெரியாது, தோப்பும் அழகா இருக்கும்" என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மண்ணுக்குள் பரவுகிற நோயை மறைத்து ஒருவர் தலையில் கட்டினால், அவர் இரண்டு மூன்று வருடம் கழித்து வரிசையாக மரம் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார், என்ன காரணம் என்றுகூட அவருக்குத் தெரியாது. தோப்பைப் பார்க்க வந்த ஒவ்வொருவரையும் முதலில் அந்த மரத்திடம்தான் கூட்டிக்கொண்டு போனேன். சிலர் அதோடு திரும்பினார்கள், திரும்பட்டும்.

என்ன செய்தோம் என்றால், அந்த மரத்தைச் சுற்றிக் குழி வெட்டித் தனியாகப் பிரித்தோம். பாசனத் தண்ணீர் அந்தப் பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போகாதபடி வாய்க்காலைத் திருப்பினோம், ஏனென்றால் தண்ணீரோடும் அந்த நோய் போகும். ஒரு சதவீத போர்டோ கலவை, அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, அந்த விகிதத்தில் மரத்துக்கு 40 லிட்டர் தூரைச் சுற்றி ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றினோம். சுற்றி இருக்கும் மரங்களுக்கு வருடத்துக்கு மரம் ஒன்றுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) போடுவதாக இருந்தால் போர்டோ ஊற்றிய கையோடு போடாதீர்கள், மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும், இடைவெளி விடணும். இடையில் வாழை வைத்தால் பரவல் குறையும் என்று வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது, அதனால் அந்தப் பகுதி முழுக்க வாழை வைத்திருக்கிறோம். இதுவரை பக்கத்து மரங்களில் கசிவு இல்லை. வரப்பில் நின்று கேட்கிறவர்களுக்கு வேப்பம் பிண்ணாக்கு எதுக்கு என்பதற்கு இதுதான் என் பதில்.

வண்டு விஷயம் இதைவிட எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டிய வேலை. குருத்தில் துளைத்துவிட்டால் மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டிய மாதிரி ஓலை முக்கோணமாகக் குறைந்திருக்கும். எங்களுக்கு மரம் ஏறும் அண்ணன் கொக்கி வளைத்த கம்பி ஒன்று வைத்திருப்பார், துளையில் விட்டுத் திருகி இழுத்தால் வண்டு குத்துப்பட்டு வெளியே வரும். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் கணக்கில், உள்ளே இருக்கும் மூன்று மட்டை இடுக்குகளில் போடுவார். இளம் கன்றுகளுக்கு இதை விட்டுவிட்டால் குருத்தே அழுகிப்போகும்.

வாங்க வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். மனை போடுகிறவர்கள் நிறையப் பேர். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் போட்டார்களே, இங்கே எப்படி மனை போட முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை மாதிரியான தொழில்களை. தோப்பை அழித்து மனை பிரிப்பதை அது தொடுவதில்லை. அப்படி வந்தவர்களுக்குப் பனை வரிசைதான் இடைஞ்சல். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "அதெல்லாம் நீங்களே எடுத்துக் குடுத்துருங்க" என்றார் ஒருவர். அவர் சொன்ன விலைதான் வந்ததிலேயே அதிகம். நாங்கள் மூன்று பேரும் தொலைபேசியில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசினோம். அண்ணன் கடைசியில், "நீதான் அங்க இருக்க, நீ சொல்றபடியே" என்று விட்டான். தம்பி, தேக்குக்குத் தனியாக மதிப்புப் போட்டு விலையில் சேர்த்தால் சம்மதம் என்றான், அது நியாயமான பேச்சு.

இப்போது பேசி முடித்திருப்பவர் பக்கத்து ஊர்க்காரர், சிங்கப்பூரில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். தன் அம்மாவோடு வந்தார். அந்த அம்மா பூவரசு வேலியில் ஒரு இலையைக் கிள்ளிச் சுருட்டிப் பீப்பி ஊதிப் பார்த்துவிட்டு நடந்தார். வாங்குகிறவர் கேட்ட கேள்விகள்: மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது நம்ம மடைக்கு முறை எப்போது, கிணறு சித்திரையில் எவ்வளவு இறங்கும், இந்த மூன்று பலாவில் எது வருக்கை (சுளை கெட்டியான வகை). நோய் வந்த தென்னையைக் காட்டியபோது குந்தி உட்கார்ந்து பார்த்தார், என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். விலை கொஞ்சம் குறைத்துக் கேட்டார், அந்த மரத்துக்காகக் குறைத்தோம். மேற்கு மூலையில் இருக்கும் இரண்டு மாமரத்தில் ஒன்று மின்கம்பியில் உரசுகிறது, அதை எடுத்துவிடுவேன் என்றார். எனக்குக் கவாத்து செய்தாலே போதும் என்று தோன்றியது, சொன்னேன், அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அது அவர் இஷ்டம்தான்.

உண்மையிலேயே அவர் இஷ்டம்தான். பத்திரத்தில் "பலாவையும் இலுப்பையையும் வெட்டக் கூடாது" என்று ஒரு நிபந்தனை போடலாமா என்று எழுத்தரையும் ஒரு வழக்கறிஞரையும் கேட்டேன். முழு உரிமையோடு விற்றுவிட்ட நிலத்தை வாங்கியவர் எப்படி அனுபவிக்கணும் என்று விற்றவர் கட்டுப்படுத்த முடியாது, அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி அப்படி எழுதினாலும் செல்லாது என்றார்கள். கொஞ்ச நாள் அது எனக்குப் பாரமாக இருந்தது. பிறகு யோசித்தேன், சட்டத்தால் முடியாததை வேறு எப்படிச் செய்வது என்று. ஆளைப் பார்த்துக் கொடுக்கலாம், மரத்தை நல்ல நிலையில் கொடுக்கலாம், அதைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொடுக்கலாம். மரத்தைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கு அது வெறும் நிழலும் குப்பையும்தான், வெட்ட யோசிக்க மாட்டார். எந்தப் பலா எந்த மாதம் பழுக்கும் என்று தெரிந்தவர் சுலபத்தில் கோடாரி எடுக்க மாட்டார்.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது பாதி. கிணற்றடிப் பலா வருக்கை, வைகாசியில் முதல் பழம், அடிமரத்தில் காய்ப்பதைக் கொத்துக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிஞ்சிலேயே கறிக்கு எடுத்துவிட வேண்டும். தெற்குப் பலா கூழன் (சுளை குழைவான வகை), பழம் ருசி, ஆனால் மேலே நின்றே வெடித்துவிடும். தேக்கில் பக்கக் கிளைகளை இலை உதிர்ந்திருக்கும் மாசியில் ஒட்ட அறுக்கணும், மழையில் வேண்டாம். இலுப்பைக்கு எதுவும் செய்ய வேண்டாம், பூ கொட்டும் காலத்தில் அடியில் சருகு கொளுத்தாமல் இருந்தால் போதும். பூவரசு வேலியில் இடைவெளி விழுந்தால் ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். எந்தத் தென்னை எந்த வருடம் வைத்தது, எது மெதுவாக வளர்கிறது, எதற்கு வண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு ஒரு படம் போட்டு எண் கொடுத்திருக்கிறேன். மரத்திலும் அதே எண்ணைச் சுண்ணாம்பில் எழுதிவிட்டோம். மரம் ஏறும் அண்ணனிடமும் பேசியாகிவிட்டது, புது உரிமையாளருக்கும் அவரே தொடர்ந்து வருவார்.

பத்திரம் தை மாதம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வாங்குகிறவருக்கும் பெரிய செலவு, அவர் பணம் ஏற்பாடு செய்ய அவகாசம் கேட்டிருக்கிறார், தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் ஐப்பசி கார்த்திகை மழையைத் தாண்ட வேண்டும். இந்த வாரம் வடிகால் தூர் வாருகிறார்கள், புயல் செய்தி வந்தால் முற்றிய காயை எல்லாம் இறக்கி, கீழ்மட்டைகளைக் கழித்துக் கொண்டையின் பாரத்தைக் குறைக்க ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். கிரய ஒப்பந்தத்தில், பத்திரப் பதிவுக்கு முன் காற்றில் மரம் விழுந்தால் அதன் மதிப்பு யார் கணக்கில் என்பதற்கு இன்னும் வாசகம் சரியாக அமையவில்லை. தோப்பை மர அட்டவணையோடு விற்ற அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் இதை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், மழைக்கு முன் அதைச் சேர்த்துவிட வேண்டும்.